இரண்டரைக் கட்டைக்கும் மூன்றுக்கும் நடுவில்

பௌர்ணமி விடுமுறையான பொசன் போயாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், பரணில் பதினெட்டு வருடங்களாகக் கிடந்த இசைத்தட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினேன். இறக்கத் தூண்டியது ஒரு பிரெஞ்சு ஓபரா.

ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் போயா விடுமுறை தோறும் ஐந்து பேர் கூடுகிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன், பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிக்கும் டீச்சர், ரயில் நிலைய அதிபராக இருந்த ஐயா, தபாலகத்தில் வேலை செய்யும் தம்பி, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான். ஒரு போயாவுக்குக் கர்நாடக இசை என்றால் பெரும்பாலும் அடுத்ததற்கு மேலைச் செவ்வியல் இசை. கொண்டு வருபவர் அதை ஏன் தெரிந்தெடுத்தார் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்டு முடித்த பிறகு யாரும் எந்தக் குறையையும் சொல்லலாம், கொண்டு வந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இவை இரண்டைத் தவிர எங்களிடம் வேறு விதிகள் இல்லை.

வெசாக் போயாவன்று நிலைய அதிபர் ஐயா தம் கைப்பேசியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் "முத்துக் குளிப்போர்" ஓபராவிலிருந்து இரு ஆண்குரல்கள் பாடும் பாடலைப் போட்டார். அந்த ஓபரா பாரிஸில் 1863 செப்டெம்பர் 30ஆம் திகதி முதன்முதலாக மேடையேறியது. அப்போது பிஸேக்கு வயது 24. கதை நடப்பது பண்டைய இலங்கையின் கடற்கரையில். பாடலுக்கு முந்திய சில வரிகளில் கண்டி என்ற பெயர் வருகிறது என்று ஐயா சொன்னார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான், அந்த ஓபராவின் பெயரை ஓர் அட்டைப்பெட்டியின் முகப்பில் சிறுவயதில் எழுத்துக்கூட்டி வாசித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

என் தாத்தா தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊருக்குத் திரும்பிய துரை, கொண்டுபோக முடியாத சாமான்களில் இசைத்தட்டைச் சுழற்றும் இந்தச் சுழலியையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாதான் அதை நீண்ட காலம் ஓடவைத்துக்கொண்டிருந்தவர். அவர் காலமான பிறகு அதை யாரும் தொடவில்லை. பெட்டியில் அந்த ஓபரா இரண்டு தட்டுகளாக முழுமையாக இருந்தது: நிக்கொலாய் கெடா, எர்னெஸ்ட் ப்ளான், ஜனீன் மிஷோ ஆகியோர் பாடி, பியேர் டெர்வோ நடத்திய 1960ஆம் ஆண்டுப் பதிவு.

சுழலி இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் செய்யப்பட்ட கரார்ட். பெல்ட் இல்லாத வகை. மோட்டாரின் தண்டில் படிப்படியாக வெட்டிய சிறு பித்தளை உருளை ஒன்று இருக்கும். அதற்கும் தட்டுமேடையின் உள்விளிம்புக்கும் இடையில் இறப்பர் ஓரம் கொண்ட ஒரு சக்கரம் நின்று, ஒன்றின் சுழற்சியை மற்றதற்குக் கடத்தும். இந்த இடைச்சக்கரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வம்பெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் மின்வடத்தைக் கவனித்தேன். பழைய இறப்பர் உறை விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. மூன்று கம்பி கொண்ட புதிய வடம் போட்டு, இரும்புச் சட்டகத்தை நிலக்கம்பியோடு இணைத்தேன். ஆளியின் குறுக்கே "டக்" சத்தத்தை அடக்குவதற்காக வைத்திருந்த காகிதக் கொள்ளளவி மெழுகு கசிந்து வீங்கியிருந்தது. அந்த இடத்தில் வீட்டு மின்சாரத்தின் குறுக்கே வைக்கவென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகைக் கொள்ளளவியைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது, ஏனென்றால் ஆளி அணைந்திருக்கும் நேரமெல்லாம் 230 வோல்ட் அதன் மேல் நிற்கும். இவ்வளவையும் செய்யாமல் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று செருகிப் பார்ப்பவர்களை நான் அறிவேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன்.

தட்டுமேடையை நடுத்தண்டின் வளையக் கிளிப்பைக் கழற்றித் தூக்கியபோது, உள்ளே இருந்த கிரீஸ் கருப்பட்டிபோல் இறுகிக் கிடந்தது. மோட்டார்த் தண்டை விரலால் திருப்பினால் அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. இணைப்புகள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, மோட்டாரின் இரு தாங்கிகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து துளி ஊற விட்டேன். அந்தத் தாங்கிகள் நுண்துளை கொண்ட வெண்கலத்தால் ஆனவை. எண்ணெயைத் தாமே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாள் தண்டு விரல் பட்டதும் ஓடியது.

இடைச்சக்கரத்தின் இறப்பர் கண்ணாடிபோல் இறுகியிருந்ததோடு, ஓரிடத்தில் பள்ளமும் விழுந்திருந்தது. சுழலியை நிறுத்தும்போது சக்கரத்தை விலக்காமல் விட்டால், அசையாமல் அழுந்தி நிற்கும் இடத்தில் இப்படிப் பள்ளம் விழும். பிறகு அது சுற்றுக்கொரு தடவை "தொம் தொம்" என்று இசைக்குள் வந்து சேரும். 400 இலக்க உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். பளபளப்புப் போனது, பள்ளம் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தேயிலை அரைக்கும் ரோலரின் உதிரிகளைக் கடைந்து பழகிய அந்த மனிதருக்கு உள்ளங்கை அளவுச் சக்கரம் விளையாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய இறப்பரை வெட்டி எறிந்துவிட்டு, சக்கரத்தின் விளிம்பில் ஒரு காடி வெட்டி, தண்ணீர் மோட்டாருக்குப் போடும் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள "ஓ" வளையம் ஒன்றை அதில் இறுகப் பொருத்தி, லேத்திலேயே சுழலவிட்டு, உப்புத்தாளால் வெளிப்புறத்தைச் சமன்படுத்தித் தந்தார். சக்கரத்தின் விட்டம் சற்றுக் கூடிவிட்டதே என்று அவர் கவலைப்பட்டார். கவலை வேண்டாம் என்றேன். தட்டின் வேகத்தை நிர்ணயிப்பவை மோட்டார் உருளையின் விட்டமும் தட்டுமேடை உள்விளிம்பின் விட்டமும்தான். நடுவில் நிற்கும் சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு மாறாது. வகுப்பில் பற்சக்கரம் படிப்பிக்கும்போது வருடந்தோறும் சொல்கிற விஷயம். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமிதம் பொசன் வரைதான் நீடித்தது.

ஊசித்தலை முற்றாகச் செத்துப்போயிருந்தது. துரையின் காலத்தில் அதில் இருந்தது ரோஷல் உப்புப் பளிங்கு வகை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தப் பளிங்கு ஈரத்தை இழுத்துக் கரைந்து போகக்கூடியது; ஆறு மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கிற இந்த ஊரில் அது இத்தனை வருடம் தாக்குப் பிடிக்க வழியே இல்லை. பதிலாக ஓடியோ டெக்னிக்கா 3600 வகைக் காந்த ஊசித்தலை ஒன்றை வரவழைத்தேன். நாலு கம்பிகள்: வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். காந்த வகை தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே, பதிவின்போது குறைத்த கீழ்ச்சுரங்களைக் கூட்டியும் உயர்த்திய மேற்சுரங்களைக் குறைத்தும் தரும் முன்பெருக்கி ஒன்றும் வேண்டும். அதையும் பொருத்தியவுடன் அறை முழுக்க "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தது. ஊசித்தலையைத் தாங்கும் கைக்குழாயிலிருந்து தனியாக ஒரு நிலக்கம்பியை முன்பெருக்கிக்கு இழுத்ததும் அது அடங்கியது.

ஊசியின் பாரம் 3.5 கிராம் இருக்க வேண்டும். அதை நிறுக்க, பவுன் நிறுக்கும் சிறு இலத்திரனியல் தராசு ஒன்றை நகைக்கடைக்காரரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். ஊசியைத் தராசின் தட்டில் இறக்கியதும் எண் 5க்கு மேல் தாவியது. கைக்குழாயின் வில்லை எவ்வளவு தளர்த்தினாலும் குறைய மறுத்தது. கொஞ்ச நேரம் விழித்த பிறகுதான் புரிந்தது: தராசின் தட்டுக்குக் கீழே அதன் உடலில் இரும்பு, ஊசித்தலைக்குள் இருப்பது காந்தம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன. தட்டின் மேல் மாணவர் ஒருவரின் அழிறப்பரை நிமிர்த்தி வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, ஊசியை அந்த உயரத்தில் இறக்கியபோது எண் நேர்மையாக வந்தது. 3.4இல் நிறுத்திப் பிறகு ஒரு மயிரிழை கூட்டினேன். தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, என்ன நகை நிறுத்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஊசி என்றேன். மூக்குத்தி என்று நினைத்துக்கொண்டார்.

இசைத்தட்டுகளைக் கழுவியதைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அதில் நான் செய்த பிழை இன்னும் உறுத்துகிறது. எல்லாத் தட்டுகளிலும் பூஞ்சணம் படர்ந்து சாம்பல் நிற வட்டங்களாக நின்றது. நீள்தட்டுகள் (எல்பி) வைனலால் ஆனவை. பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் சிறிது ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் கலந்து, மென்மையான தூரிகையால் தவாளிப்பின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் அலசி, பாத்திரத் தட்டில் நிமிர்த்திக் காயவைத்தால் போதும். ஓபராவின் இரண்டு தட்டுகளும் அப்படிக் கழுவியதும் புதிதுபோல் கறுத்து மின்னின. அந்த உற்சாகத்தில், பெட்டியின் அடியில் இருந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டு ஒன்றையும் எடுத்து அதே கலவையால் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். பஞ்சு மை தொட்டதுபோல் கறுத்தது. அது பூஞ்சணம் அல்ல. தட்டே கரைந்து வந்துகொண்டிருந்தது. 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் செய்யப்பட்டவை. அரக்கு அற்ககோலில் கரையும். மரத் தளபாடத்துக்குப் பூசும் பொலிஷை ஆசாரிமார் அப்படித்தான் தயாரிக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தட்டு நாகஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். அப்பா காசு கொடுத்து வாங்கிய மிகச் சில தட்டுகளில் ஒன்று. நல்ல வேளையாக, ஊசி முதலில் இறங்கும் வெற்று ஓரத்தோடு சேதம் நின்றது. மற்றவற்றை வெறும் தண்ணீரால், அதுவும் ஈரத்துணியால் மட்டுமே துடைத்தேன்.

பொசன் போயாவன்று ஐந்து பேரும் கூடினோம். வெளியே தென்மேற்குப் பருவமழை தகரத்தில் கொட்டியது. முதல் அங்கத்தில் அந்தப் பாடல் வரும் இடத்தைத் தட்டின் மேல் சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் பார்த்து ஊசியை இறக்கினேன். "தொம் தொம்" இல்லை, இரைச்சல் இல்லை. புல்லாங்குழலும் யாழும் அந்த மெட்டைத் தொடங்க, குரல்கள் வந்து சேர்ந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. டீமேக்கர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நிலைய அதிபர் ஐயா கையால் தாளம் போட்டார். வயலின் டீச்சர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தார். பாடல் முடிந்ததும் தம் பையிலிருந்து சுருதிப்பெட்டியை எடுத்து, அதன் குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டே, "திரும்பப் போடுங்க சேர்" என்றார்.

இரண்டாம் முறை போட்டேன். அவர் சொன்னார்: "இது இரண்டரைக் கட்டைச் சுருதியும் இல்லை, மூணு கட்டைச் சுருதியும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பாடுறவங்க இப்படிப் பாடியிருக்க மாட்டாங்க."

பாடலின் அச்சிட்ட சுரத்தாளை அவர் முன்கூட்டியே இறக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தொடக்கத்தில் மூன்று ஃபிளாட் குறிகள். ஈ ஃபிளாட் மேஜர். நம் கணக்கில் அது இரண்டரைக் கட்டைச் சங்கராபரணம். எங்கள் தட்டில் அது கால் சுரம் ஏறி நின்றது. முழு அரைச்சுரம் ஏறியிருந்தால் வேறு சுருதியில் பாடியிருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். நடுவில் நிற்பதற்குச் சமாதானம் இல்லை, இயந்திரம்தான் பிழை. ஓர் அரைச்சுரம் ஏற வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூட வேண்டும். ஆகவே என் சுழலி 3 சதவீதம் அளவுக்கு வேகமாக ஓடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டேன். தபாலகத் தம்பி, எனக்கு நல்லாத்தானே கேக்குது என்றார். நல்லாக் கேட்டதுதான். கால் சுரம் ஏறிய குரலில் ஒரு போலிப் பிரகாசம் இருக்கும், அது ஏமாற்றும்.

அடுத்த இரண்டு வாரங்கள் இந்த 3 சதவீதத்தோடு மல்லுக்கட்டினேன்.

வேகத்தை அளக்க மிக மலிவான கருவி ஸ்ட்ரோப் தட்டு. இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை பிரகாசித்து மங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீள்தட்டுக்கு வட்டத்தில் சரியாக 180 கோடுகள் வரைந்து, அதாவது 2 பாகைக்கு ஒன்று வரைந்து, தட்டின் மேல் வைத்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கணினியில் வரைந்து அச்செடுத்தேன். வைத்துப் பார்த்தால் சாம்பல் நிற வளையம் ஒன்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இப்போது எல்லாமே எல்ஈடி குமிழ்கள்; நான் வாங்கியவற்றில் துடிப்பு இல்லை. பழைய இழைக்குமிழ் தேடி அலைந்தபோது, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்கா ஒன்று வைத்திருப்பது ஞாபகம் வந்தது. குஞ்சுகளை ஒரு சாக்கால் போர்த்தி வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

இருட்டறையில் அந்தக் குமிழின் ஒளியில் கோடுகள் மங்கலாக, ஆனாலும் எண்ணக்கூடிய அளவில் தெரிந்தன, முன்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு குண்டூசியை அடையாளமாக நட்டு, அதைக் கடக்கும் கோடுகளை எண்ணினேன். பத்து வினாடியில் முப்பது. வினாடிக்கு நூறு கோடுகள் கடந்தால் அது நிற்பதுபோல் தெரியும் வேகம். நூற்றுமூன்று கடந்தால் மூன்று மிச்சம். டீச்சரின் காது தசமம் தவறாமல் சொல்லியிருந்தது.

இனிக் காரணம். இடைச்சக்கரத்துக்கு இதில் பங்கில்லை என்று லேத்துப் பட்டறையில் நானே முழங்கியிருக்கிறேன். தட்டுமேடை வார்ப்பு, அது சுருங்காது. மின்சாரத்தின் அதிர்வெண் 3 சதவீதம் ஏறவும் வாய்ப்பில்லை. ஏறியிருந்தாலும் ஸ்ட்ரோப் அதைக் காட்டியிருக்காது. மோட்டாரும் விளக்கும் ஒரே மின்சாரத்தில் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே ஏறும். அந்தப் பிழையைக் காது மட்டுமே கண்டுபிடிக்கும். மிஞ்சியது மோட்டார் உருளை.

அதைப் பலமுறை துடைத்திருக்கிறேன். பித்தளை பித்தளையாகத்தான் தெரிந்தது. பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் 33 சுற்றுப் படியை அளந்தபோது 5.98 மில்லிமீற்றர் காட்டியது. இந்த அளவு சரியா பிழையா என்று சொல்ல ஒப்பிட எதுவும் இல்லை. மேசை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில், படியின் ஓரத்தில் மயிர்போல் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் கீறினேன். கோடு எழும்பியது. மஞ்சள் பூத்து, எண்ணெய் குடித்து, பித்தளையின் நிறத்துக்கே வந்துவிட்ட செலோடேப் இரண்டு சுற்று. மண்ணெண்ணெயிலும் கழுவுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உரித்துவிட்டு அளந்தேன்: 5.80. வித்தியாசம் 0.18 மில்லிமீற்றர், சதவீதத்தில் 3.1.

அது அப்பாவின் வேலை. இடைச்சக்கரத்தின் இறப்பர் இறுகத் தொடங்கிய காலத்தில் சக்கரம் வழுக்கி, பாட்டு இழுபட்டு மெதுவாகியிருக்கும். புது இறப்பர் இங்கே கிடைக்காது. உருளையைச் சற்றுத் தடிப்பாக்கினால் வழுக்கலில் இழக்கும் வேகத்தை ஈடுகட்டலாம் என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். எந்த அளவு தடிப்பு வேண்டும் என்பதைக் காதால்தான் முடிவு செய்திருப்பார். அவர் செய்தது அவருடைய இறப்பருக்குச் சரி. நான் வழுக்கலைப் போக்கியதும் அவர் கொடுத்த ஈடு முழுவதும் மிகையாக மேலே வந்துவிட்டது. ஒரு பழுதைத் திருத்தும்போது, அந்தப் பழுதுக்காக முன்பு செய்த ஒட்டு எங்கே இருக்கிறது என்றும் தேட வேண்டும் என்று என் வேலைக்கொப்பியில் எழுதி, அந்த டேப் துண்டையும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மறுபடி குமிழ் இரவல். இம்முறை குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அக்கா. கோடுகள் ஏறக்குறைய நின்றன. ஐந்து வினாடிக்கு ஒன்று வீதம் பின்னோக்கி நகர்ந்தன. 0.2 சதவீதம். அதைக் கேட்கக்கூடிய காது எங்கள் வட்டத்தில் ஒன்று இருக்கிறதென்றாலும், அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

எசல போயாவன்று சுருதிப்பெட்டி இரண்டரைக் கட்டையில் ஒலிக்க, தட்டு அதன் மேல் வந்து உட்கார்ந்தது. குரல்கள் கனத்தன. முன்பு தொண்டையால் ஒலித்த கெடாவின் குரல் இப்போது நெஞ்சிலிருந்து வந்தது; பாரிட்டோன் ப்ளானின் குரல் தரையைத் தொட்டது. தபாலகத் தம்பியே, வேற ஆள் பாடுற மாதிரி இருக்கு என்றார். 1859இல் பிரான்ஸ் சட்டம் போட்டு "ஏ" சுரத்தை 435 அதிர்வுகளில் நிறுத்தியது. பிற்காலத்தில் பொதுவான 440ஐ விட அது தாழ்வு. ஆகவே 1863இன் மேடையில் இந்தப் பாடல் இன்னும் சற்றுக் கீழேதான் ஒலித்திருக்கும் என்று நிலைய அதிபர் ஐயா சொன்னார். அப்படியென்றால் 435க்கு உருளையைத் தேய்த்துத் தாருங்கள் என்று டீச்சர் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

பிறகு கண்டிக்கு வந்தோம். பாடலுக்கு முந்திய வரிகளில், அதைப் பாடும் இரு நண்பர்களான நாதிரும் சூர்காவும், கடைசிப் பயணத்தின்போது கண்டியின் வாயிலில் ஒரு நாள் தங்கியதையும், மாலையில் கோயிலில் ஒரு பெண்ணைக் கண்டு இருவருமே மனம் இழந்ததையும் நினைவுகூர்கிறார்கள். ஊசியை மூன்று தடவை அந்த இடத்திலேயே இறக்கினேன். மூன்றாம் தடவை தம்பி, "காந்தின்னுல்ல பாடுறார்!" என்று துள்ளினார். அதுதான் அது. பிரெஞ்சு வாயில் கண்டி மூக்கால் ஒலித்துக் காந்தியாகிவிடுகிறது; கண்டி என்று கேட்கக் காத்திருந்த எங்கள் காதுகள் அதைக் கோட்டைவிட்டிருக்கின்றன.

எந்தக் கோயில் என்று டீமேக்கர் அண்ணன் கேட்டார். தலதா மாளிகையா, அதற்கு அருகிலுள்ள விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களா, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலா? எதுவும் இல்லை. கதையை எழுதிய கொர்மோனும் கார்ரேயும் முதலில் அதை மெக்சிக்கோவில் வைத்திருந்தார்கள். பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்கள். ஆகவே கண்டியில் பிராமணர்கள் மக்களை வழிபாட்டுக்கு அழைக்கிறார்கள், அந்தப் பெண்ணான லெய்லா பிரம்மாவை நோக்கிப் பாடுகிறாள். முத்துக்குளிப்பு நடந்த உண்மையான கரைகளான சிலாவத்துறையும் அரிப்பும் மன்னார்ப் பக்கம், கண்டியிலிருந்து வெகுதூரம். இதையெல்லாம் பிழை என்று தள்ளிவிட வேண்டும் என்றார் அண்ணன், டீச்சர் ஒப்பவில்லை. பெயர் எங்கிருந்து வந்தாலும் மெட்டு அந்த இரண்டு பேரின் சிநேகிதத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த இடத்தில்தான் விவாதம் சூடு பிடித்தது. எங்கள் தட்டில் பாடலின் முடிவில் அந்தப் பெண்ணைத் தெய்வமாகப் பார்த்த மெட்டே திரும்ப வருகிறது. பிஸே 1863இல் எழுதியது அப்படியல்ல; அவர் நட்பை உறுதிமொழியாகச் சொல்லும் வேறொரு பகுதியோடு முடித்தார். முதல் வருடம் 18 தடவை மேடையேறிய பின் அவர் உயிரோடிருந்த வரை அந்த ஓபரா மறுபடி மேடையேறவில்லை. 1875இல் அவர் இறந்த பிறகு அதை மீட்டெடுத்தவர்கள் முடிவை மாற்றினார்கள். உலகத்துக்குத் தெரிந்தது மாற்றிய வடிவம்தான். நிலைய அதிபர் ஐயா, ஜார்ஜ் ப்ரெத்ர் 1977இல் மூல வடிவத்தைப் பின்பற்றிப் பதிவு செய்ததைக் கைப்பேசியில் அடுத்துப் போட்டார். நேர்மையாகச் சொன்னால், எனக்கு மாற்றிய முடிவே பிடித்திருக்கிறது; மெட்டு திரும்பி வரும்போது, நட்பென்று சத்தியம் செய்கிற இரண்டு பேரும் அதே பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது காதுக்குப் புரிகிறது. டீச்சருக்கு மூல வடிவம். பல்லவியை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் ஒட்டினால் கைதட்டல் வரும், அதனால்தான் ஒட்டினார்கள் என்றார். நிக்கினிப் போயா வந்தாலும் இந்த வழக்குத் தீராது.

நிக்கினிக்குத் தோடி. 78 சுற்றுத் தட்டின் தவாளிப்பு அகலமானது. நீள்தட்டு ஊசி அதன் அடியில் குப்பையில் புரளும். அதற்கென 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, பருமனுள்ள ஊசி வரவழைத்திருக்கிறேன். இன்னும் வந்து சேரவில்லை. உருளையின் 78 படியிலும் அப்பாவின் டேப் இருந்தது, உரித்துவிட்டேன். 77 கோடுகள் கொண்ட இன்னொரு ஸ்ட்ரோப் தட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அந்தக் காலத்துத் தட்டுகள் பல, பதிந்த அன்றைக்கே சரியாக 78இல் சுழலவில்லை. ராஜரத்தினம் பிள்ளை தாழ்ந்த சுருதி கொண்ட பாரி நாயனத்தைப் பரவலாக்கியவர். அவர் வாசித்த கட்டை எது என்பதைக் கோடுகள் சொல்லப்போவதில்லை. சுருதிப்பெட்டியோடு அரை மணி நேரம் முன்னதாக வருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். புதிய செலோடேப் ஒரு சுருள் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.